பென்சிலின் கேட்காத ஆடுகள்

எட்டு மணிச் சங்கு ஊதியபோது மருதாம்பாள் கால்நடை மருந்தகத்தின் படியில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஓர் உரச்சாக்கு. அதன் வாய் இறுக்கிக் கட்டியிருந்தது.

டாக்டர் இந்துமதி வந்து பூட்டைத் திறந்தார். கோவைக்காரர். ஓவேலிக்கு மாற்றலாகி வந்து மூன்று மழை பார்த்துவிட்டார். குறைவாகப் பேசுவார். மீதியைக் கால்நடை ஆய்வாளர் ஜெர்சன் பேசிவிடுவார். ஜெர்சன் கூடலூரில் பிறந்தவர், ஐம்பதை நெருங்குகிறவர். எங்கே ஆடு செத்தாலும் அவருடைய முதல் கேள்வி, "யாரு மேல சந்தேகம்?"

"சாக்குல என்னங்க?" என்றார் இந்துமதி.

"ஆட்டுக்குட்டிங்க டாக்டரம்மா. செத்தது. எங்களது இல்ல. லயத்துல யாரோ ஓடையில வீசியிருந்தாங்க. ஆளுக எந்திரிக்கிறதுக்குள்ள எடுத்துட்டு வந்துட்டேன்."

"எதுக்குங்க?"

"அறுத்துப் பாருங்க. விஷம் இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

சின்னப் பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவள் அவள். வீட்டைக் காம்பரா என்றே சொன்னாள். தேயிலைத் தொழிலாளர் வீட்டு வரிசையான பத்தாம் நம்பர் லயத்தில் தை பிறந்ததிலிருந்து ஆடுகள் சாகின்றன. முதலில் இருமல், பிறகு இழுப்பு, பிறகு சாவு. சினை ஆடுகளுக்குக் கரு கலைகிறது. அவள் மகன் பிரசாத் எஸ்டேட்டில் களை மருந்து அடிக்கிறவன். கார்த்திகையில் பக்கத்துக் காம்பரா பாண்டியனின் ஆடுகள் அவளுடைய பீன்ஸ் கொடியை மேய்ந்துவிட்டன. அவள் கத்தினாள்.

"ஆத்திரத்துல ஒரு வார்த்த வந்துருச்சுங்க. எல்லாம் வாய் வெந்து சாகும்னு. அத லயமே கேட்டுச்சு."

"உங்க ஆடுங்க?"

"நாலு இருக்கு. ஒண்ணுக்கும் ஒண்ணுமில்ல. அதான் குத்தமாப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை லயத்தில் கூட்டம். போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். வழக்கு என்று வந்தால் பிரசாத்துக்கு வேலை போகும். வேலை போனால் காம்பராவும் போகும்.

"உங்களுக்குப் பேச ஆளில்லீங்களா?"

"அண்ணன் இருக்காரு. தங்கையா. முனியாண்டி கோயில் பூசாரி. ரெண்டு காம்பரா தள்ளித்தான் இருக்காரு." அவள் சாக்கின் முடிச்சைப் பார்த்தாள். "அவரும் என்ன பேசுவாரு, ஊரே ஒண்ணா நிக்கிறப்ப."

மருந்தகத்தின் பின்னால், சில்வர் ஓக் மரத்தடியில் சிமென்ட் தளம் இருந்தது. ஜெர்சன் கையுறை மாட்டிக்கொண்டார். மருதாம்பாள் முன்பக்கம் இருந்ததால் குரலைத் தாழ்த்தினார்.

"களை மருந்துதான் மேடம். சந்தேகமே வேண்டாம். பையன் அடிக்கிறான், அம்மா சாபம் விடறா, அவங்க ஆடு மட்டும் சாகல. இதுக்கு மேல என்ன வேணும்? குத்தவாளிதான் மொதல்ல வந்து கம்ப்ளெயின்ட் குடுப்பான். நான் எத்தன பாத்திருக்கேன்."

"எத்தன?"

"டி.வி.ல."

இந்துமதி குட்டியின் வாயைத் திறந்தார். நாக்கில் புண் இல்லை. தொண்டையைக் கீறினார். தொண்டைக்குழாய் வெளுத்து, சுத்தமாக இருந்தது. வயிற்றில் பாதி செரித்த புல். பிறகு நெஞ்சைத் திறந்தார். வைக்கோல் நிறத்தில் நீர் வழிந்தது. வலது நுரையீரல் ஈரல்போலக் கெட்டிப்பட்டு, மஞ்சள் ஆடையோடு விலா எலும்பில் ஒட்டியிருந்தது. இடது நுரையீரல் மென்மையாக, இளஞ்சிவப்பாக இருந்தது.

"களை மருந்து குடிச்சா வாயும் தொண்டையும் வெந்திருக்கும்," என்றார். "நுரையீரல்னு பாத்தா ரெண்டும் கெடும். இது ஒரு பக்கமா உக்காந்து தின்னிருக்குது."

"அப்ப விஷம் இல்லியா?" ஜெர்சனின் குரலில் சிறு ஏமாற்றம்.

"இல்லீங்க. சளிக் காய்ச்சல். கிருமி."

நுரையீரலிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் குப்பியில் போட்டார். கை கழுவிவிட்டு முன்பக்கம் வந்தார்.

"விஷம் இல்லீங்க. ஆனா இத மட்டும் நான் சொன்னா உங்க லயத்துல ஒத்துக்குவாங்களா?"

மருதாம்பாள் யோசித்தாள். "ஒத்துக்க மாட்டாங்க. ஊருக்கே வந்த நோவு ஒங்க பட்டிக்கு மட்டும் ஏன் வரலன்னு கேப்பாங்க."

"அதத்தான் நானும் கேக்கறேன். ஒண்ணு செய்யுங்க. சோப்புப் போட்டுக் கையக் காலக் கழுவுங்க. ஊட்டுக்குப் போய்ச் சேலைய மாத்தாம உங்க ஆட்டுக்கிட்டப் போகாதீங்க. சாக்கு இங்கயே இருக்கட்டும், எரிச்சுடறோம்."

முற்பகலில் ஜெர்சனின் ஜீப்பில் லயத்துக்குப் போனார்கள். லயத்தின் பின்னால் வரிசையாக ஆட்டுப் பட்டிகள். பல காலியாக இருந்தன.

பாண்டியன் பட்டி வாசலிலேயே நின்றிருந்தான். கொழுந்து பறித்து வந்த கையோடு அவன் மனைவி சுகுணா பக்கத்தில் நின்றாள்.

"அஞ்சு ஆடுங்க டாக்டரம்மா. நாலு போச்சு," என்றான். "நானும் சும்மா இருக்கல. கடையில பென்சிலின் வாங்கி வேளை தவறாம போட்டேன். கேக்கல. எப்படிக் கேக்கும்? விஷத்துக்குப் பென்சிலின் கேக்குமா?"

"ஒண்ணு பொழச்சிருக்குதே."

"அந்தச் செவலையா? அதுவும் இருமிச்சு. எப்படித் தப்பிச்சதுன்னு அதத்தான் கேக்கணும்."

ஜெர்சன் தொண்டையைச் செருமினார். "அதுக்கு நான் ஊசி போட்டேன் மேடம். இருமலுக்கில்ல, குளம்புப் புண்ணுக்கு. டெட்ராசைக்ளின்."

இந்துமதி செவலையின் வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறப்புறுப்பைச் சுற்றிச் சிறு சிவப்புப் புண்கள், காய்ந்த கசிவு; அதைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்தார். "இதுக்கும் செனை கலைஞ்சுதுங்களா?"

"ஆமாங்க," என்றாள் சுகுணா. "அந்தப் புண்ணு கிடா ஏறினப்ப பட்டதுங்க."

"எந்தக் கிடா?"

"சாமி கிடாதாங்க. இங்க வேற கிடா யாரும் வைக்கிறதில்ல."

அவள்தான் அதை நேர்ந்துவிட்டவள். அவளுடைய மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கூடலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது வேண்டிக்கொண்டாள். குழந்தை வீடு வந்த அன்று ஒரு கறுப்புக் குட்டியை முனியாண்டிக்கு விட்டாள். அன்றிலிருந்து அது லயத்துப் பிள்ளை. யார் வாசலிலும் தின்னும், யாரும் விரட்ட மாட்டார்கள். பூசாரி தங்கையா பராமரிப்பார்.

"இப்ப அவ ஒண்ணாவது படிக்கிறாங்க," என்றாள் சுகுணா. "இந்த மாசித் திருவிழாவுல கடன் தீந்துரும்."

அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழா வருகிற வருடம் மார்கழி முதல் நாளிலிருந்து சாமி கிடாயை வீடு வீடாக அழைத்துவருவார்கள். மஞ்சள் நீர் ஊற்றி, பொட்டு வைத்து, அன்று இரவு அந்த வீட்டுப் பட்டியிலேயே ஆடுகளோடு கட்டிவைப்பார்கள். பட்டி பெருகும் என்று நம்பிக்கை. மறுநாள் அடுத்த வீடு.

"எல்லா ஊட்டுலயும் கட்டியாச்சுங்களா?"

"எல்லா ஊட்டுலயுந்தான்."

பேசிக்கொண்டிருக்கும்போதே கிடா வந்தது. கழுத்தில் வாடிய சாமந்தி மாலை. கயிற்றைப் பிடித்துத் தங்கையா பின்னால் வந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒடிசலானவர், நெற்றி நிறையத் திருநீறு. பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கிடா நின்று இருமியது. பாண்டியன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தான்.

ஜெர்சன் அதன் முதுகைத் தட்டினார். "போன வருஷம் தடுப்பூசி போட வந்தப்ப என்னை முட்டித் தள்ளினான் மேடம். முட்டி வீங்கி நடக்க முடியல. இப்ப பாருங்க, பசு மாதிரி நிக்கறான். ஆளத் தெரிஞ்சுக்கிட்டான்."

"சாமிக்கு ஒங்க மேல எரக்கம் வந்திருச்சு சார்," என்றான் பாண்டியன். யாரோ சிரித்தார்கள்.

இந்துமதி பஞ்சுக் குச்சியால் அதன் மூக்கில் தொட்டு எடுத்தார். இன்னொரு குச்சியால் அடிவயிற்றில், குறியின் உறையில் தொட்டு எடுத்தார். பிறகு தாடையைப் பிடித்தார்.

"சாமி கிடாங்க," என்றார் தங்கையா. "வாயில கை வைக்கிறதில்லீங்க."

"ஒரு நிமிஷந்தானுங்க. ஜெர்சன், பாருங்க."

ஜெர்சன் குனிந்தார். "நாலு பல்லு மேடம். ஓரத்துல பால்பல்லு. சுத்தமா இருக்கு. புண்ணு கிண்ணு இல்ல."

இந்துமதி தாடையை விட்டார். "மழையில இத எங்க கட்டியிருந்தீங்க?"

"எங்க மாட்டுக் கொட்டாயிலங்க. ஐப்பசி மழ இந்தத் தடவ விடல. வெளிய விட்டா சிறுத்த பயம். மார்கழி வரைக்கும் உள்ளயேதான் இருந்துச்சு. அதான் எளச்சுப் போச்சு."

"ஆடு வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. ஒரு மாடு மட்டுந்தான்."

மருதாம்பாளின் பட்டி கடைசியில் இருந்தது. நான்கு ஆடுகள், பளபளக்கும் மயிர், ஈரம் காயாத மூக்கு. பிரசாத் புல்லுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஜெர்சன் அவனைக் கீழிருந்து மேல் பார்த்தார்.

"களை மருந்து எங்க வைப்ப?"

"ஸ்டோர்லதான் சார். எண்ணித் தருவாங்க. காலி கேன எண்ணி வாங்குவாங்க."

"வீட்டுக்குக் கொண்டுவந்தா?"

"ஒத்தக் கேனு கொறஞ்சா தொர என்னைக் காலி கேன்ல போட்டு மூடிருவாரு சார்."

இந்துமதி கேட்டார்: "சாமி கிடாய இந்தப் பட்டியில கட்டினாங்களா?"

பிரசாத் தலையசைத்தான். "இல்லீங்க. ஆவணியில அப்பா தவறிட்டாரு. துக்க வீடு. ஒரு வருசத்துக்குச் சாமி காரியம் எதுவும் எங்க வாசல்ல ஏறாது. மாமா கிடாயப் புடிச்சுட்டுத் தாண்டிப் போயிருவாரு."

"ஆட்ட வெளிய விடறதில்லியா?"

"அப்பாதாங்க மேய்ப்பாரு. அவரு போனதுக்கு அப்பறம் நான் வேலைக்குப் போயிட்டு வந்து புல்லறுத்துப் போடறேன். வேற ஆட்டோட சேர்றதே இல்ல."

மருதாம்பாள் வாசலில் நின்றாள். சேலை மாற்றியிருந்தாள்.

திரும்பும் வழியில் ஜெர்சனுக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுங்க மேடம். உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. மொகத்துல தெரியுது."

"பென்சிலின் என்ன செய்யும்?"

"கிருமியக் கொல்லும்."

"எப்படி?"

ஜெர்சன் கியர் மாற்றினார். "சுவரைக் கட்ட விடாது. கிருமிக்கு வெளிய ஒரு சுவர் இருக்கு. அது கட்ட முடியாமப் போனா வெடிச்சுச் சாகும்."

"சுவரே இல்லாத கிருமின்னா?"

ஜீப் வேகம் குறைந்தது. "மைக்கோபிளாஸ்மா."

"அதுக்குப் பென்சிலின் கேக்காது. டெட்ராசைக்ளின் கேக்கும். அது சுவர்கிட்டப் போறதில்ல, உள்ள போய் வேலை செய்யும். செவலை பொழச்சது உங்க குளம்பு ஊசியால."

"நானா காப்பாத்தினேன்?"

"தெரியாமத்தான்."

ஜெர்சன் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். "அப்ப செனை கலையறது?"

"எல்லாரும் இருமலை ஒரு வியாதி, கரு கலையறத இன்னொண்ணுன்னு நினைச்சாங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்க. இந்தக் கிருமியில சிலது மூச்சுப் பாதையிலயும் இருக்கும், பிறப்புப் பாதையிலயும் இருக்கும். இருமினா மூச்சு வழியாப் போகும். கிடா ஏறினா அது வழியாப் போகும். ரெண்டு வழியும் ஒரே இடத்துல சேருது."

"சாமி கிடா," என்றார் ஜெர்சன். "ஒவ்வொரு பட்டியிலயும் ஒரு ராத்திரி. அட கர்த்தரே. துக்க வீட்டுல மட்டும் கட்டல. புருஷன் செத்ததுதான் அந்த ஆட்டையெல்லாம் காப்பாத்தியிருக்கு."

"அவர் செத்ததாலதான் அவங்க மேல சந்தேகமும் வந்துச்சு."

ஜீப் ஒரு வளைவு திரும்பியது. பிறகு ஜெர்சன் ஸ்டியரிங்கைத் தட்டினார். "கேஸ் முடிஞ்சது."

"முடியலீங்க. கிடாக்கு நோய் எங்கிருந்து வந்துச்சு? குட்டியில இருந்து இந்த லயத்துலதான் இருக்குது. வெளி ஆடு எதுவும் உள்ள வரல. போன வருஷம் வரைக்கும் ஒரு ஆடு இருமல."

"அதானே."

"போன வருஷம் உங்கள முட்டினான். இந்த வருஷம் ஏன் முட்டல?"

ஜெர்சன் பதிலுக்கு வாய் திறந்தார். மூடிக்கொண்டார். மருந்தகம் வரும்வரை அவர் பேசவே இல்லை. இந்துமதி அங்கே வந்தபிறகு அது முதல் தடவை.

மாதிரிகளை அனுப்பியிருந்த ஆய்வகத்திலிருந்து சனிக்கிழமை மாலை தொலைபேசி வந்தது. குட்டியின் நுரையீரல், செவலையின் கசிவு, கிடாயின் மூக்கு, கிடாயின் உறை. நான்கிலும் ஒரே மைக்கோபிளாஸ்மா.

வெளிச்சம் இருக்கும்போதே இருவரும் தங்கையாவின் மாட்டுக் கொட்டகைக்குப் போனார்கள். ஜெர்சனை ஜீப்பிலேயே இருக்கச் சொன்னார் இந்துமதி. அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஏதோ சொன்னார். தங்கையா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். தடவிய கை நின்றது. பிறகு அவர் அப்படியே சாணத்தின் மேல் உட்கார்ந்தார். டாக்டரும் எதிரே குந்தி உட்கார்ந்தார். எழுந்தபோது தங்கையா கைகூப்பினார். டாக்டர் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்.

"என்ன மேடம் சொன்னாரு?"

"நாளைக்குக் கூட்டத்துல அவரே சொல்றேன்னார்."

"சொல்லலன்னா?"

இந்துமதி கண்ணாடியை ஏற்றினார். "தங்கச்சிங்க அது. சொல்லுவார்."

கூட்டம் எஸ்டேட்டின் பிள்ளைமடுவத்தில் நடந்தது. வேலை நாட்களில் கொழுந்து பறிக்கிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கூடம். தொட்டில் கட்டும் கொக்கிகளுக்குக் கீழே ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சுவரோரம். மருதாம்பாளும் பிரசாத்தும் கதவருகில். அவர்களைச் சுற்றி இடம் காலியாக இருந்தது. தங்கையா முன்வரிசையில், திருநீறு கலையாமல்.

இந்துமதி நின்றபடியே பேசினார். குட்டியின் வாயில் புண் இல்லாததைச் சொன்னார். பென்சிலின் கேட்காததையும், குளம்பு ஊசியில் செவலை பிழைத்ததையும் சொன்னார். இருமலும் கரு கலைவதும் ஒரே நோய் என்றார். ஜெர்சன் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு பட்டிக்கும் வந்து ஊசி போடுவார், மனிதருக்கு இது தொற்றாது, பயப்பட வேண்டாம் என்றார். கடைசியில் கிடாயைப் பற்றிச் சொன்னார்.

கூடத்தில் சலசலப்பு எழுந்தது.

"நோய் இருக்கற பட்டி எல்லாமே கிடாய கட்டின பட்டிங்க. கட்டாத பட்டி ஒண்ணே ஒண்ணு. துக்க வீடு. மருதாம்பா ஆடு சாகாததுக்குக் காரணம் அவ்வளவுதானுங்க."

சொல்லிவிட்டு நிறுத்தினார். தங்கையாவைப் பார்த்தார். தங்கையா பாயின் கோரை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"தங்கையாண்ணே," என்றார் இந்துமதி. "நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

தங்கையா நிமிரவில்லை.

அதற்குள் பாண்டியன் எழுந்துவிட்டான். "இருங்க டாக்டரம்மா. நீங்க சொல்ற கிருமி இருக்கட்டும். ஆனா அது கிடாக்கு எங்கிருந்து வந்துச்சு? எங்க கண்ணு முன்னால வளந்த கிடா. வெளி ஆட்டு மூஞ்சியே பாக்காதது. சாமிக்கு விட்டதுக்கு நோவு வருதுன்னா யாரோ வெச்சிருக்கணும். அதும் தன் வாசல்ல மட்டும் ஏறாத கிடாய யாருக்குப் புடிக்காம இருந்திருக்கும்?"

பல தலைகள் கதவுப் பக்கம் திரும்பின.

"கிடாக்கே வெச்சிட்டாளா?" என்றது ஒரு குரல்.

"சாமி கிடாக்கு!"

பிரசாத் எழப் பார்த்தான். மருதாம்பாள் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தன் அண்ணனின் முதுகை மட்டும் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்ப்பதுபோல இருந்தது.

இந்துமதி இன்னொரு முறை காத்திருந்தார். ஜெர்சனுக்கு அந்த இடைவெளி தாங்கவில்லை. அவர் மேலே கொக்கிகளைப் பார்த்தார்.

"சுகுணா," என்றார் இந்துமதி. குரல் தாழ்ந்திருந்தது. "கிடாய விட்டப்ப உங்க பொண்ணு கைக்குழந்தை. இப்ப ஒண்ணாவது படிக்கிறா. அப்ப கிடாக்கு என்ன வயசு இருக்கணும்?"

"அவ வயசுதாங்க. அஞ்சு முடிஞ்சிருக்கும்."

"ஆட்டுக்கு நாலு வயசுக்குள்ள முன்பல் எட்டும் விழுந்து மொளச்சிரும். அதுக்கப்பறம் தேயும். இந்தக் கிடாக்கு நாலு பல்லுதான் மொளச்சிருக்குது. மீதி பால்பல். ரெண்டு வயசுக் கிடாங்க இது."

பாண்டியன் சுகுணாவைப் பார்த்தான்.

"போன வருஷம் ஜெர்சன முட்டின கிடா இந்த வருஷம் பேசாம நின்னுது. ஆளத் தெரிஞ்சதால இல்ல. அது அவர மொத மொதல்ல பாக்குது. ஐப்பசியில கொட்டாய்க்குள்ள போன கிடா வேற. மார்கழியில வெளிய வந்த கிடா வேற. வெளியில இருந்து வந்த கிடா நோயோட வந்துச்சு."

சுகுணா வாயைப் பொத்திக்கொண்டாள். பாண்டியன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். உட்கார மறந்துவிட்டான்.

தங்கையா மெல்ல எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார். சந்நிதியில் நிற்பதுபோல நின்றார்.

"சிறுத்த தூக்கிருச்சு," என்றார். "மழ விட்டுச்சேன்னு அரை மணி நேரம் வெளிய விட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம் கொம்பும் மாலக் கயிறும்தான் கெடச்சுச்சு." துண்டின் முடிச்சை இறுக்கினார். "சுகுணாகிட்டச் சொல்ல வாசல் வரைக்கும் போனேன். புள்ள சிலேட்டு வெச்சு எழுதிட்டிருந்துச்சு. அதுக்காக நேந்து விட்ட கிடாய சிறுத்த தின்னுருச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்? திரும்பிட்டேன். நாடுகாணி செக்போஸ்ட்டுல கேரளாவுக்குப் போற ஆட்டு லாரி நிக்கும். அதே கறுப்புல ஒண்ணு இருந்துச்சு. வாங்கிட்டு வந்தேன்."

"அப்பவே இருமிச்சுங்களா?" என்றார் இந்துமதி.

"லேசா. குளிருக்குன்னு நெனச்சேன்."

சுகுணா அழுதாள். "எங்கிட்டச் சொல்லியிருந்தா வேற குட்டி விட்டிருப்பேனே சித்தப்பா. முனியாண்டி என்ன, அதுக்கா கோவிச்சுக்கும்?"

தங்கையா புறங்கையால் முகத்தைத் துடைத்தார்.

பாண்டியன் கதவருகே போனான். பிரசாத்தின் முன்னால் நின்றான். கையை நீட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதியில் விட்டான். "தெரியாமப் பேசிட்டோம் தம்பி," என்றான். பிரசாத் தலையை ஆட்டினான். யாரோ பாயில் நகர்ந்து மருதாம்பாளுக்கு இடம் விட்டார்கள். அவள் அங்கே போய் உட்காரவில்லை.

"நல்லபடியா முடிஞ்சது மேடம்," என்று ஜெர்சன் காதருகே சொன்னார். இந்துமதி தன் பையை மூடினார். நேற்று மாலை கொட்டகையில் குந்தி உட்கார்ந்தபோது அவர் நினைத்த முடிவு இது இல்லை.

தங்கையா கூட்டத்தின் நடுவே நடந்து வந்தார். ஆட்கள் விலகினார்கள். கிடாய்க்கு விலகியதுபோல இல்லை. தங்கச்சியின் முன்னால் வந்து நின்றார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் மருதா. தெனமும் நெனச்சேன். கேஸு வரைக்கும் போகாதுன்னு நெனச்சேன்."

மருதாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. குரல் உயரவும் இல்லை.

"ஒரு கிடா போனதுக்கு இன்னொண்ண வாங்கிட்டு வந்து கட்டினீங்க அண்ணே. நானும் எம் புள்ளயும் இந்த லயத்த விட்டுப் போயிருந்தா, என்ன செஞ்சிருப்பீங்க?"